எங்கே வைப்பது?

பழைய பத்திரிகைகளைச் சேர்த்து வைக்கிற வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. வருஷவாரியாக அடுக்கி, சணல் கயிற்றால் கட்டி, மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி அதில் ஆண்டும் மாதமும் எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பத்திரிகைக்கு ஒரு பெயர் உண்டு: மேகஸின். துப்பாக்கிக்குள் செருகுகிற தோட்டாப் பெட்டிக்கும் அதே பெயர்தான்.

இரண்டும் தற்செயலாக ஒன்றாகிவிடவில்லை. 'மக்ஸன்' என்ற அரபிச் சொல்லுக்குக் களஞ்சியம், சரக்கறை என்று பொருள். கப்பல் வியாபாரிகளோடு அது இத்தாலிக்குப் போயிற்று. அங்கிருந்து பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போயிற்று. வெடிமருந்து வைக்கிற கிடங்குக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1731-ல் எட்வர்ட் கேவ் என்பவர் லண்டனில் ஒரு பத்திரிகை தொடங்கியபோது, பல சரக்குகளும் கிடைக்கிற களஞ்சியம் என்ற பொருளில் அதற்கு 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' என்று பெயர் வைத்தார். கதையைச் சேர்த்து வைப்பதும் மேகஸின். மருந்தைச் சேர்த்து வைப்பதும் மேகஸின். திறக்கும்போது உள்ளேயிருந்து என்ன வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. வீட்டில் ஆயுதம் வைத்திருக்கிறவன் அதை எப்படி வைக்க வேண்டும்? கேட்பதற்கு இது அலமாரி விவகாரம் போலத்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் தர்ம விவகாரம் என்று தெரிகிறது.

பழைய காலத்து மேகஸின் ஒரு கட்டடம். கனத்த சுவர், ஈரம் புகாத தரை, ஒரே ஒரு வாசல், அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு காவல்காரன். எந்தக் கோட்டையிலும் மருந்துக் கிடங்கை மனிதர்கள் படுத்து உறங்கும் இடத்திலிருந்து தள்ளியே வைத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப்போன டச்சுக்காரர்களில் ஒருவரான டிலனாய், பிறகு மார்த்தாண்டவர்மருக்கே படைத்தலைவராகி, அந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்கிற உலை அமைத்தார். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி செய்கிறவனுக்கும் சுடுகிறவனுக்கும் மருந்து காக்கிறவனுக்கும் அந்தக் காலத்தில் தனித்தனி இடம் உண்டு. சிப்பாய்க்குக் கோபம் வந்தால் அந்தக் கோபம் கிடங்கு வரைக்கும் நடந்து போக வேண்டும். காவல்காரனிடம் காரணம் சொல்ல வேண்டும். அவன் பூட்டைத் திறக்க வேண்டும். நடக்கிற வழியிலேயே பாதிக் கோபம் கரைந்து போய்விடும்.

1879-ல் ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர், துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய தோட்டாப் பெட்டிக்கு உரிமம் வாங்கினார். நம் நாட்டுப் போலீஸ்காரர்கள் வெகுகாலம் தோளில் மாட்டியிருந்த பழைய .303 ரைபிளின் பெட்டி அவருடைய வழியில் வந்ததுதான். அதில் பத்துத் தோட்டா கொள்ளும். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு வில்சுருள், வில்சுருளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோட்டாக்கள். ஒன்று போனதும் அடுத்ததைச் சுருள் மேலே தள்ளும். கோட்டைக்குள் இருந்த கிடங்கு சுருங்கிச் சுருங்கிச் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. நல்ல வேலைத்திறன்தான். ஆனால் கிடங்கு சுருங்கியபோது அந்தக் கனத்த சுவரும் பூட்டும் காவல்காரனும் எங்கே போனார்கள்? பெட்டியோடு அவர்கள் வரவில்லை. அவர்கள் செய்து வந்த வேலையெல்லாம் இப்போது துப்பாக்கிக்காரனுடைய மனசின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆயுதத்தை ஒழுங்காக வைப்பது என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிற முறைகள் சில உண்டு. துப்பாக்கி வேறிடம், தோட்டா வேறிடம். இரண்டுக்கும் வேறு வேறு பூட்டு. துப்பாக்கியை உள்ளே வைக்குமுன் அது காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் மழைக்காலத்தைப் போல ஈரம் மிகுந்த இடங்களில் பித்தளைத் தோட்டா பச்சை பூக்கும், இரும்பு துருவேறும். தோல் உறை பார்வைக்கு அழகு, ஆனால் அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; ஆகவே நெடுநாள் வைப்பதற்கு ஆகாது. தோட்டாப் பெட்டி ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிலும் எண் போட வேண்டும். மூன்றாம் எண் பெட்டியில் சுருள் தளர்ந்து தோட்டா சிக்குகிறது என்றால் அந்த மூன்றாம் எண்ணை ஒதுக்கிவிடலாம். எண் இல்லாவிட்டால் கெட்டது எது, நல்லது எது என்று தெரியாமல் எல்லாம் கலந்து போகும்.

சீட்டு ஒட்டுவது வெறும் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு போர் துப்பாக்கியை நம் தோட்டக்காரர்கள் அறிவார்கள். இருபது போர் என்று அதைவிடக் குழாய் சிறுத்த ஒன்றும் உண்டு. இருபதின் தோட்டாவைக் கைதவறிப் பன்னிரண்டின் குழாயில் போட்டால், அது வழுக்கிக்கொண்டு போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். குழாய் காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழாய் வெடித்துச் சுடுகிறவன் கையே போகும். இதற்காகவே இருபது போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது வழக்கமாயிற்று. அந்த மஞ்சள் நிறம் எத்தனை கைகளைக் காப்பாற்றியதோ, யார் கணக்குப் பார்த்தார்கள்! பெயர் எழுதி ஒட்டுவது ஒரு சின்னக் கருணை. நாளைக்கு இருட்டில் கைவைக்கப் போகிற ஒருவனை இன்றைக்கு வெளிச்சத்தில் நினைத்துப் பார்க்கிற கருணை.

அரசாங்கமும் இந்த ஒழுங்கைக் கேட்கிறது. 1878-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு 1959-ல் நம்முடைய ஆயுதச் சட்டம் வந்தது. யாருக்கு என்ன துப்பாக்கி, ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதெல்லாம் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதப்படுகிறது. ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்று மனுதாரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. ஒருவருக்கு மூன்று துப்பாக்கி வரை இருந்த அனுமதியை 2019-ல் இரண்டாகக் குறைத்தார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவதும் நமக்குத் தெரிந்ததே. ஊர் சூடாகிற மாதங்களில் துப்பாக்கி ஊரார் கையில் இருக்க வேண்டாம் என்பது இதன் சாரம்.

ஆக, ஒழுங்கு நல்லது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. எனக்குச் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு அலமாரிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டும் சுத்தமாகத் துடைத்து எண்ணெய் போட்டவை. இரண்டிலும் பெட்டிகளுக்கு எண் உண்டு, சீட்டு உண்டு. முதல் அலமாரிக்காரர், நடுராத்திரியில் விளக்குப் போடாமலே கையை நீட்டினால் நிரப்பிய பெட்டி அகப்பட வேண்டும் என்பதற்காக அடுக்கியிருக்கிறார். இரண்டாமவர், எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பூட்டுத் திறந்து, ஒரு பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு தோட்டாவாக நிரப்ப வேண்டும் என்பதற்காக அடுக்கியிருக்கிறார். வெளியிலிருந்து வந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்; "எவ்வளவு நேர்த்தி!" என்று இரண்டு வீட்டிலும் சொல்லுவான். ஆனால் முதல் நேர்த்தி, நினைப்புக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் குறைப்பதற்காகச் செய்தது. இரண்டாவது நேர்த்தி அந்தத் தூரத்தைக் கூட்டுவதற்காகச் செய்தது. ஒழுங்கு என்பதற்குத் தானாக ஒரு குணம் கிடையாது. அது எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே அது நல்லது, கெட்டது. பழைய கிடங்குச் சுவரை எழுப்புகிற ஒழுங்கும் உண்டு. மிச்சம் இருக்கிற சுவரையும் இடிக்கிற ஒழுங்கும் உண்டு.

மலையோரத்தில் ரப்பரும் மரச்சீனியும் போட்டிருக்கிற ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். தகப்பனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு அவரிடம் இருக்கிறது. காட்டுப் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போடுவதற்கு, அவ்வளவுதான். துப்பாக்கி அவருடைய அறையில் பூட்டியிருக்கும். தோட்டாக்கள் அடுக்களைக்கு அடுத்த சரக்கறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன; டப்பாவின்மேல் எண்ணிக்கையும் தேதியும் எழுதிய சீட்டு. அந்த அறைச் சாவி அவருடைய மனைவியின் இடுப்பில்.

"இது என்ன ஏற்பாடு, அண்ணா? அவசரத்துக்கு உதவாதே" என்று கேட்டேன்.

"எனக்க கையில துப்பாக்கி, அவளுக்க கையில சாவி. ரெண்டு பேருக்கும் ஒண்ணா கோவம் வந்தாத்தான் அது வெடிக்கும். முப்பத்தஞ்சு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில ஒரே ஆளுமேல கோவம் வந்ததே இல்ல, தம்பி" என்றார்.

அவர் சட்டம் படித்தவரல்ல. ஆனால் பழைய கோட்டைக் காவல்காரனை அவர் தம் வீட்டில் மறுபடி உத்தியோகத்தில் அமர்த்தியிருக்கிறார்.

அவர் செய்ததை ஒரு தேசமே செய்த கதையும் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் படைப் பயிற்சி பெற்ற குடிமகன் தன்னுடைய ரைபிளை வீட்டிலேயே வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். அதோடு ஐம்பது தோட்டா அடைத்து முத்திரையிட்ட ஒரு தகர டப்பாவும் அரசாங்கம் கொடுத்திருந்தது. யுத்தம் என்று அழைப்பு வந்தால், முகாமுக்குப் போகிற வழியில் தேவைப்படலாம் என்பதற்காக. அதிகாரிகள் முத்திரை உடைந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது. ஆனாலும் வீட்டுச் சண்டைகளிலும் தனிமைத் துயரங்களிலும் அந்த ஆயுதம் எதிரியை விட்டுச் சொந்த வீட்டையே பார்த்துத் திரும்பிய சம்பவங்கள் நடந்தன. 2007-ல் அந்தத் தகர டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். ரைபிளையும் வீட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று 2011-ல் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டபோது, பெரும்பான்மையோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, துப்பாக்கி வீட்டில், தோட்டா அரசாங்கக் கிடங்கில். ரைபிள் கொடுத்த பெருமையையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இடைவெளியையும் உண்டாக்கிக் கொண்டார்கள்.

வாசகர்களில் சிலர் இப்போது கேட்கலாம்: "திருடன் வந்தால் என்ன செய்வது? சாவியைத் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவானே?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. ஆம், அப்படி ஒரு ராத்திரி வந்தால் பூட்டி வைத்த துப்பாக்கி உதவாமல் போகலாம். இடைவெளிக்கு ஒரு விலை உண்டு, அது இதுதான். ஆனால் எதிர்ப்பக்கத்து விலையையும் எழுதிப் பார்க்க வேண்டும். திருடன் ஒரு வீட்டுக்கு ஆயுளில் ஒரு தரம் வரலாம், வராமலும் போகலாம். கோபம் வாரத்துக்கு ஒரு தரம் வருகிறது. மனச்சோர்வு சொல்லாமல் வருகிறது. குழந்தையின் ஆவலோ தினந்தோறும் வருகிறது. எட்டாத தட்டுக்கு நாற்காலி போட்டு ஏறுவது குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தையல்ல. அமெரிக்காவில் ஜனங்களின் எண்ணிக்கையைவிட ஜனங்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை அதிகம். 2018-ல் ஓர் ஆய்வு அதை 39 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. அங்கே 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறர் சுட்டு இறக்கவில்லை. தாங்களே தங்களை முடித்துக்கொண்டவர்கள். ராத்திரி வரப்போகிற அந்நியனுக்காக வாங்கி வைத்தது, அந்த வீட்டு மனிதனையே கொண்டுபோயிற்று. பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு மனசு மாறியிருக்கும்! மனசு மாறுவதற்கு மனிதனுக்கு வேண்டியதெல்லாம் பெரும்பாலும் கொஞ்சம் நேரம்தான்.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பாடம் சொல்லுவார்கள். ருஷ்ய எழுத்தாளர் செகாவ் சொன்னதாக வழங்குவது: முதல் காட்சியில் சுவரில் துப்பாக்கியைத் தொங்கவிட்டால், பின்னால் ஒரு காட்சியில் அது வெடித்தாக வேண்டும். நாடகத்துக்கு நல்ல விதி. குடித்தனத்துக்கு அதற்கு நேர் எதிரான விதி வேண்டும். முதல் காட்சியில் சுவரில் இருந்த துப்பாக்கி கடைசிக் காட்சியிலும் சுவரிலேயே இருக்கும்படி வாழ்ந்து காட்டுவதுதான் கிரகஸ்தனுடைய கலை. அதைப் பார்த்து யாரும் கைதட்ட மாட்டார்கள். ஒன்றும் நடக்காத வாழ்க்கையை யார் கதையாக எழுதுகிறார்கள்?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. அதை எங்கள் ஊரே எழுப்புகிறது. 2020 ஜனவரி 8-ந் தேதி இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவலில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். கொன்றவர்களுடைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை, பூட்டு இல்லை, சீட்டு இல்லை. பிறகு அந்தத் துப்பாக்கியை எர்ணாகுளத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கடையிலிருந்து எடுத்தார்கள். "இப்படிப்பட்டவர்கள் இருக்கிற உலகத்தில், யோக்கியன் மட்டும் தோட்டாவைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டி என்ன பிரயோஜனம்?" என்று ஒருவர் கேட்டால், வில்சனுடைய குடும்பத்தை நினைக்கிறபோது உடனே பதில் சொல்ல நாக்கு எழாது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அலமாரிச் சட்டம் கொலைகாரனைத் தடுக்காது. அவனைத் தடுப்பது போலீஸின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. அலமாரி கேட்பது அவனைப் பற்றியல்ல, நம்மைப் பற்றி. அந்த இரவில் சாவடியில் நடந்தது என்ன? ஒரு வார்த்தை பேசுவதற்கும் இடம் இல்லை, ஒரு நினைப்பு மாறுவதற்கும் நேரம் இல்லை. ஆயுதம் இடுப்பிலேயே தயாராக இருந்தது. கைக்கும் அதற்கும் நடுவில் சுவர் என்று ஒன்றுமே இல்லை. அந்த ஸ்திதிக்குப் பெயர்தான் பயங்கரம். அதைக் கண்டு பயந்துபோய் நாமும் நம் தலையணைக்கடியில் அதே ஸ்திதியை உண்டாக்கிக்கொண்டால், பயங்கரத்தை எதிர்த்தவர்கள் ஆகமாட்டோம். அதை வீட்டுக்கு வீடு பங்கிட்டு வாங்கிக்கொண்டவர்கள் ஆவோம். வேறொன்றையும் கவனிக்கலாம். அந்தத் துப்பாக்கி வந்து சேர்ந்த இடம் சாக்கடை. வைப்பதற்கு நாணயமான ஓர் இடம் இல்லாத பொருள் கடைசியில் அங்கேதான் போகும்.

அதே களியக்காவிளை வழியாக வருஷத்துக்கு ஒரு தரம் வேறோர் ஆயுதமும் போகிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் எழுந்தருளும்போது, பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் இருக்கிற மன்னருடைய உடைவாளும் முன்னால் போகும். எல்லையில் இரண்டு மாநிலத்துப் போலீஸும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்வார்கள். வாளை முறைப்படி ஒருவர் கொடுப்பார், ஒருவர் வாங்கிக்கொள்வார். விழா முடிந்ததும் அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். குடகு நாட்டிலும் நடவு வேலை முடிந்த பிறகு துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூஜை செய்கிற திருநாள் உண்டு. பகுத்தறிவு பேசுகிறவர்கள் இரும்புக்கு என்ன பூஜை என்று சிரிக்கலாம். எனக்கு அதில் ஒரு விவேகம் தெரிகிறது. நாலு பேர் பார்க்க எடுத்து, நாலு பேர் பார்க்கத் திரும்ப வைப்பது என்றால், நடுவில் ஒருவனுடைய தனிக் கோபம் நுழைய இடமில்லை.

வைக்கிற முறையைப் பற்றிப் பாரதம் சொல்வதை நம் வீட்டுப் பாட்டிமார்கள் எல்லாரும் அறிவார்கள். அஞ்ஞாதவாசத்துக்கு முன் பாண்டவர்கள் தங்கள் வில்லையும் வாளையும் மூட்டையாகக் கட்டி, மயானத்துப் பக்கத்தில் ஒரு வன்னி மரத்தில் ஏற்றி வைத்தார்கள். யாரும் கிட்ட வராதபடி ஒரு பிணத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். கேட்டவர்களுக்கு, அது எங்கள் தாயின் உடல், எங்கள் குல வழக்கம் இது என்று சொன்னார்கள். ஒரு வருஷம் வரை கோபத்துக்கு அவர்களுக்குக் குறைவா இருந்தது? கீசகன் சபையில் திரௌபதியை உதைத்தபோதுகூட வன்னி மரத்தை நோக்கி ஒருவரும் ஓடவில்லை. தவணை கழிகிற சமயத்தில் அர்ஜுனன் உத்தரகுமாரனை மரத்தில் ஏறச் சொன்னான். அவன் ஒவ்வொரு வில்லாக அவிழ்த்து இது யாருடையது என்று கேட்க, இவன் பெயர் சொன்னான். அத்தனை நாளும் ஒவ்வொன்றும் இன்னாருடையது என்ற கணக்கு மனசில் இருந்திருக்கிறது. ஒழுங்கும் இருந்தது, தூரமும் இருந்தது.

பாண்டவர்கள் அந்த மூட்டைக்கு இட்ட அடையாளம் ஊரை ஏமாற்றச் சொன்ன பொய் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆயுதம் வைத்திருக்கிற வீட்டில் பெட்டிக்கு எண் இருக்கட்டும், தேதி இருக்கட்டும், எத்தனை போர் என்பதும் இருக்கட்டும். உள்ளே இருப்பது பிணம் என்பதை எழுதாவிட்டாலும், திறக்கிறவன் அதை வாசித்த பிறகே திறக்க வேண்டும். அதை வாசிப்பதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கிற அலமாரிதான் நல்ல அலமாரி.